எண்ணெய் படாத விரால்

என் வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்படி இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பாராட்டியதைவிட எங்கள் வீட்டு மிக்ஸியைப் பாராட்டியது அதிகம். ஆனால் இந்தக் கோடையில் அவர் செய்த காரியத்தை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? அவராக வாயைத் திறந்து சொல்கிற ஆள் இல்லை.

அவர் பெயர் தமிழழகன். சொந்த ஊர் தா.பழூர் பக்கம். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்து வந்தவர், பக்கத்து ஊர்க்காரியான என்னைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊரிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். அதனால் ஊருக்கே அவர் மாப்பிள்ளை. ஆலையில் அவருக்குக் கில்னில் வேலை. கில்ன் என்றால் படுக்கப் போட்ட மிகப் பெரிய இரும்புக் குழாய். உள்ளே நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்புக்கல் பொடி அதற்குள் போய் வெந்து, கிளிங்கர் என்கிற கருங்கூழாங்கல்லாக வெளியே வரும். அதை அரைத்தால் சிமெண்ட். அந்த நெருப்பின் சூட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களில் இவர் ஒருவர்.

நாள் முழுக்கத் தூசியில் நிற்பதாலோ என்னவோ, ஆலையை விட்டு வெளியே வந்தால் மனுஷருக்குத் தூசியே ஆகாது. குளித்து, பவுடர் போட்டு, தேய்த்த வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டுதான் டீக்கடைக்குக்கூடப் போவார். மழை பெய்த மறுநாள் அவர் தெருவில் நடப்பதைப் பார்க்கவேண்டும். ஒரு கையில் வேட்டி நுனி, ஒவ்வோர் அடிக்கும் இடம் தேடல், வயலில் கொக்கு நடக்கிற மாதிரி. என் அண்ணன் முத்துவேல் அவருக்கு 'சலவை மாப்பிள்ளை' என்று பெயரே வைத்துவிட்டான்.

நான் அதற்கு நேர்மாறு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் மீன் குழம்புக்கும் அதே குணம். அம்மியில் மிளகாய் அரைத்து, நல்லெண்ணெய் மேலே ஒரு விரல் மிதக்க நான் இறக்கி வைத்தால், சாப்பிடுகிறவர் மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்பார். சிவக்காத மீனை நான் மீன் என்று ஒத்துக்கொண்டதே கிடையாது.

அப்படிப்பட்டவளுக்கு மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வறுத்த மீனும் குழம்புமாகச் சாப்பிட்டு எழுந்தபோது மேல்வயிற்றில் பிடித்தது. முதுகு வரைக்கும் ஆணி அடித்த மாதிரி வலி. திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பித்தப்பையில் இருந்த கல் ஒன்று நகர்ந்து வழியில் அடைத்து, கணையம் வீங்கிவிட்டதாம். பிழைத்து வீட்டுக்கு வந்தேன், பாதி ஆளாக. வளையல் முழங்கைக்கு ஏறியது. ரவிக்கை எல்லாம் அக்காவிடம் கடன் வாங்கியது போலத் தொங்கியது.

பங்குனியில் மறுபடி போனபோது டாக்டர் எடைக் கருவியைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னும் எறங்கியிருக்கும்மா. இந்த ஒடம்புல கத்தி வைக்க முடியாது. வைகாசியில வர்றப்ப வெயிட் ஏறியிருக்கணும், சத்து ஏறியிருக்கணும். அப்பத்தான் பித்தப்பையை எடுக்கலாம். எடுக்காம வுட்டா கல்லு எப்ப வேணா திரும்ப அடைக்கும். போன தடவை தப்பிச்சிட்டீங்க."

மறுதடவை என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

உணவு ஆலோசனை சொல்கிற பெண் ஒருத்தி பக்கத்து அறையில் இருந்தாள். எண்ணெய் கூடாது, வறுவல் கூடாது, தேங்காய் கூடாது, காரம் கூடாது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கொழுப்பில்லாத வெள்ளைச் சதை மீனை ஆவியில் வேகவைத்தோ ஓவனில் சுட்டோ தினமும் சாப்பிடச் சொன்னாள். நான் அவளை முறைத்தேன். இவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார், "ஓவன்லயா மேடம்? எத்தனை டிகிரி?" என்று.

எங்கள் வீட்டில் ஓவன் இருந்தது. ரொம்ப காலம் வேலை பார்த்ததற்காக ஆலையில் கொடுத்த பரிசு. நான் அதில் வடகமும் வத்தலும் போட்டு வைத்திருந்தேன். எறும்பு ஏறாது, எலி கடிக்காது, அருமையான பெட்டி. அன்றைக்குச் சாயந்திரம் இவர் அதைப் பரணிலிருந்து இறக்கி, வத்தலை டப்பாவுக்கு மாற்றி, ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். அடுப்படியில் தண்ணீர்கூடக் கொதிக்க வைத்தறியாத மனுஷர்.

மறுநாள் மத்தி வாங்கி வந்தார். இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸப்பில் வந்ததாம்.

"இதயத்துக்கு நல்லதுதான். அது எண்ணெய் மீனு. எனக்கு ஆகாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப நீங்க எங்க பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"சரி, வேற பாக்கறேன்."

அவ்வளவுதான் பதில். கோபப்படத் தெரியாத ஆளோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் மீன் தேடிய கதையைப் பெரம்பலூர் மீன் கடைக்காரர்களிடம்தான் கேட்கவேண்டும். வஞ்சிரத்தைத் தொட்டுப் பார்த்து, கொழுப்பு ஏறிய மீன் என்று ஒதுக்கினார். அயிலை மத்திக்கு அண்ணன், அதுவும் வேண்டாம் என்றார். வாவல் நன்றாக இருந்தது, விலையைக் கேட்டுவிட்டு அதற்கு வணக்கம் வைத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கி, கண்ணைப் பார்த்து, விரலால் அழுத்தி, முகர்ந்து, கொழுப்பு எவ்வளவு இருக்கும் என்று விசாரித்ததில் ஒரு கடைக்காரம்மா, "அண்ணே, மீனு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். மாசிக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

பாக்கெட்டில் உறைந்து கிடக்கிற பாசா மீன் வாங்கினார். கொழுப்பு கம்மிதான், முள்ளும் இல்லை. ஐஸ் உருகியதும் பாதி தண்ணீராகப் போய், மிச்சம் ஆஸ்பத்திரிப் பஞ்சு மாதிரி இருந்தது. ஜிலேபி மீன் வாங்கினார். சதை வெள்ளை, விலையும் சல்லிசு, ஆனால் கோடைக் குட்டையில் கிடந்தது போல, சேற்று வாடை தொண்டை வரைக்கும் வந்தது. கடைசியில் கடலூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த கொடுவா ஒன்றை வாங்கி வந்து, உப்பும் மஞ்சளும் தடவி ஓவனில் வைத்தார். அங்கேதான் கில்ன்காரர் புத்தி வேலை செய்தது. சூடு போதாது, சூடு போதாது என்று குமிழைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டார். கதவைத் திறந்தபோது தட்டில் கறுப்பாக, உருண்டையாக, தட்டினால் சத்தம் வருகிற ஒரு பொருள் இருந்தது.

"கிளிங்கர் நல்லா வந்திருக்கு. அரைச்சா ரெண்டு மூட்டை தேறும்" என்றேன்.

இவர் அதை எடுத்துக்கொண்டுபோய் வாசல் வெளிச்சத்தில் வைத்து, உடைத்து, உள்ளே பார்த்தார். ஆலையில் கிளிங்கர் சரியாக வரவில்லை என்றாலும் அப்படித்தான் உடைத்துப் பார்ப்பார்களாம்.

"தப்பு எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றார். "அங்க ஈரத்தைத் தொரத்தணும். இங்க ஈரத்தைக் காப்பாத்தணும்."

அன்றிலிருந்து அவர் அந்தப் பெட்டியை வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தார். வெறும் ஓவனை முதலில் சூடேற்றினார். மீனை வாழையிலையில் பொதிந்து வைத்தார். நடுவில் திறந்து பார்க்கிற பழக்கத்தை விட்டார். கதவைத் திறந்தால் சூடு ஓடிவிடும், கில்னுக்கும் அதே கணக்குத்தான் என்றார். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்து ஆறவிட்டார். அடுத்து வாங்கிய கொடுவா பூப்பூவாக உதிர்ந்தது. நானே கண்ணால் பார்த்தேன், பழுதில்லாமல் வந்திருந்தது.

ஆனால் என்னால் சாப்பிட முடியவில்லை. ரெண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஐஸ் வாடை அடிக்கிறது என்றேன், உப்பு இல்லை என்றேன், வெள்ளையாக இருக்கிறது என்றேன், தட்டைத் தள்ளிவிட்டேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். எதை விழுங்கினாலும் அந்த ஆணி மறுபடி இறங்குமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் கோபமாகக் காட்டினேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டுபோய் மிச்சத்தைத் தான் சாப்பிடுவார். வீட்டில் எனக்கென்று தனிச் சமையல் கிடையாது. நான் எதைச் சாப்பிடவேண்டுமோ அதையேதான் அவரும் சாப்பிட்டார், ஆலைக்கும் அதையே டப்பாவில் எடுத்துப் போனார்.

ஒருநாள், "என்னதான் வேணும் ஒனக்கு? சொல்லு, கொண்டாறேன்" என்றார்.

"விரால்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். சொன்ன பிறகுதான் நாக்கில் ஈரம் ஊறியது. "பண்ணையில தீனி போட்டு வளக்குறது வேணாம். ஏரி விரால், உசுரோட."

நான் கேட்டது கடையில் கிடைக்கிற மீன் இல்லை. எங்கள் ஊர்ப் பெரிய ஏரியில் விரால் உண்டு. ஆனால் ஊர் நாள் குறித்து எல்லோருமாக இறங்குகிற வரைக்கும் அதில் ஒருத்தரும் தூண்டில்கூடப் போடக்கூடாது. சித்திரை முடிகிற சமயத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் தண்டோரா போடுவார்கள். கரையில் நின்று ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஆணும் பெண்ணும் வலை, கூடை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு இறங்குவார்கள். பிடித்த மீனை விற்கக்கூடாது. வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமைக்கவேண்டும்.

இன்னொரு முறையும் உண்டு. ஊர் மாப்பிள்ளைகள் ஏரியில் இறங்கமாட்டார்கள். கரையில் நிற்பார்கள். மச்சான்மார் இருப்பதிலேயே பெரிய மீனைப் பிடித்து மேலே எறிவார்கள், மாப்பிள்ளை ஏந்திக்கொள்வார். மீன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மரியாதை. மாப்பிள்ளை தானே சேற்றில் இறங்கினால், மச்சான்கள் கவனிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். பிறகு அடுத்த வருஷம் வரைக்கும் ஊர் வாய்க்கு அதுதான் வெற்றிலை பாக்கு.

அந்த நாள் வந்தது. இவர் என்னைக் கரையில் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பக்கத்தில் வழக்கம்போல வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பவுடர் வாசனையோடு நின்றார். துண்டு வீசியதும் ஏரி முழுக்கச் சேறும் கூச்சலுமாக ஆனது. கொஞ்ச நேரத்தில் நடு ஏரியிலிருந்து என் அண்ணன் வந்தான். கையில் ஒரு கட்லா. பச்சைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி அணைத்துக்கொண்டு வந்தான். இந்த வருஷத்தில் அதைவிடப் பெரியது யாருக்கும் கிடைக்கவில்லை.

"மாப்ளே, புடிங்க!" என்று எறிந்தான். கரையே விசில் அடித்தது.

இவர் ஏந்தினார். சட்டை முழுக்கச் சேறு தெறித்தது. மீனை ஒரு முறை பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. கட்லாவுல கொழுப்பு இருக்கு. எனக்கு விரால் வேணும்."

கரையில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் முகம் சுருங்கிப்போனது. ஊர் முன்னால் கொடுத்த மரியாதையை ஊர் முன்னால் திருப்பிக் கொடுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"விராலா? இத்தினி பெரிய மீனைக் குடுத்தா கையளவு மீனைக் கேக்குறீங்க. நடு ஏரியில வலைக்கு விரால் வராது. அது ஓரத்துல சேத்துக்குள்ள பொதைஞ்சு கெடக்கும். கையை வுட்டுத் துழாவணும். வேணும்னா எறங்கிப் புடிங்க."

சலவை மாப்பிள்ளை இறங்கமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் இவர் கட்லாவை என் காலடியில் வைத்தபோது, வீட்டுக்குக் கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மடியில் வைத்தார். சட்டையைக் கழற்றினார். கழற்றிய சட்டையை, அந்தச் சேறு தெறித்த சட்டையைத்தான், காலர் மடங்காமல் மடித்து நாற்காலிக் கையில் போட்டார். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கரையிலிருந்து இறங்கினார்.

"ஏய், ஆலை மாப்பிள்ளை எறங்கிட்டாருடா!" என்று ஒரு குரல். அதற்கப்புறம் ஏரியில் மீன் பிடித்தவர்களைவிட வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம்.

"ஏங்க! வேணாம், வாங்க!" என்று கத்தினேன். என் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். அன்றைக்கு நாற்காலியைத் தாண்டவில்லை.

தொடை வரைக்கும் சேறு இழுத்தது. ரெண்டு அடி வைத்ததும் வழுக்கி உட்கார்ந்தார். எழுந்தபோது தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரே நிறம். துடைத்துக்கொள்ளவில்லை. நாணல் ஓரமாகக் குனிந்து ரெண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவ ஆரம்பித்தார். கையில் ஏதோ அகப்பட்டுத் தூக்கினார், கெளுத்தி. அதன் முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கெளுத்தி முள் குத்தினால் கை தோள் வரைக்கும் கடுக்கும், எங்கள் பக்கத்தில் பெரிய ஆட்களே அழுதிருக்கிறார்கள். இவர் கையை உதறிவிட்டு மறுபடி சேற்றுக்குள் விட்டார். ரத்தம் சேற்றில் கலந்து வடிந்ததைக் கரையிலிருந்தே பார்த்தேன்.

எனக்கு அழுகை வந்தது. இந்த மனுஷரை நான் இத்தனை நாளாக எதற்கெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று யோசிக்கவில்லை. அதெல்லாம் பிறகு யோசிக்கலாம். அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது, எனக்குச் சோறு இறங்க வேண்டும் என்பதற்காக ஒருத்தர் இவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறாரே என்று.

அண்ணனும் அந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டான். கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றவன், "அட, தள்ளுங்க மாப்ளே" என்று ஊத்தாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனான். ஊத்தா என்பது மூங்கிலில் பின்னிய, மேலும் கீழும் திறந்த கூம்புக் கூடை. சேறு குமிழி விடுகிற இடத்தைப் பார்த்து அண்ணன் அதை அமுக்கினான். உள்ளே எதுவோ கூடையை இடித்தது.

"இருக்கு. நானே எடுத்துத் தரட்டுமா?"

"வேணாம் மச்சான். நான் எடுக்கறேன்."

"அந்தக் கையாலயா?"

அந்தக் கையால்தான். ஊத்தாவின் மேல் வாய் வழியாகத் தோள் வரைக்கும் விட்டுத் துழாவினார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். வெளியே எடுத்தபோது கையில் விரால். கறுப்பாக, முழங்கை நீளத்துக்கு, வாலால் அவர் மார்பில் அறைந்துகொண்டு. அண்ணன் அவர் முதுகில் தட்டினான், சேறு தெறித்தது. இந்தத் தடவை அடித்த விசிலில் கேலி இல்லை.

கட்லாவை அண்ணன் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டோம். அது முறை இல்லைதான், ஆனால் அன்றைக்கு முறை தவறியது அது மட்டுமா?

வீட்டில் விராலை எப்படி அலசுவது என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். கல் உப்பும் சாம்பலும் போட்டுக் கல்லில் தேய்க்கவேண்டும், இல்லாவிட்டால் வழுவழுப்பு போகாது. அண்ணி சசிகலா வந்து, குத்திய கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, மீனைத் தான் அலசித் தருவதாகச் சொன்னாள். இவர் விடவில்லை. தோலை உரித்து, துண்டு போட்டு, இஞ்சியும் நாலு மிளகும் தட்டி, மஞ்சள், உப்பு, ஆடை நீக்கிய தயிர், எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்துப் பிசறினார். இலையில் தக்காளி வட்டங்களை அடுக்கி, மேலே மீனை வைத்து, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தூவிப் பொதிந்து நாரால் கட்டினார். விரால் சதையில் கொழுப்பே கிடையாது, கொஞ்சம் அசந்தால் வறண்டுவிடும், அதனால் தக்காளி ஈரத்தில் வேகட்டும் என்று அண்ணிக்கு விளக்கம் வேறு.

"தாளிக்கவே மாட்டீங்களா? ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமயா?" என்று அண்ணி வாயில் கை வைத்தாள்.

அதற்குள் கண்ணாடிக் கதவு வழியாக மீன் வேகுவதைப் பார்க்கத் தெருவில் பாதி பேர் எங்கள் அடுப்படியில் நின்றார்கள். ஒருத்தர் கதவைத் திறக்கப் போனார். இவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு, "தொறக்காதீங்க!" என்று போட்ட போட்டில் அந்த ஆள் நாலடி பின்னால் போனார்.

அண்ணன் ஒரு கிண்ணத்தோடு வந்தான். கட்லா குழம்பு. ஏரியில் இறங்கிய நாளில் வீட்டுக்கு வீடு குழம்பு கொடுக்கிற பழக்கம், அதில் என் வீட்டை மட்டும் எப்படி விடுவது? கிண்ணத்தை என் முன்னால் வைத்தான். அதே சிவப்பு. மேலே அதே நல்லெண்ணெய். என் கை தானாக நீண்டதை எல்லோரும் பார்த்தார்கள். இவரும் பார்த்தார். தடுக்கவில்லை. கட்டுப் போட்ட கையால் ஓவனிலிருந்து இலைப் பொதியை எடுத்து, என் தட்டில் வைத்து, நாரை அவிழ்த்தார்.

ஆவி எழுந்தது. இஞ்சியும் வாழையிலையும் கலந்த வாசனை. உள்ளே விரால் வெள்ளை வெளேரென்று, தன் சாற்றிலேயே மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. தொட்டதும் இதழ் இதழாகப் பிரிந்தது. கிண்ணத்தை அண்ணன் பக்கம் தள்ளினேன்.

"நீ சாப்புடுண்ணே. எனக்கு இது இருக்கு."

ஒரு வாய் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது. மிளகு இருக்கிறதா என்று தேடும்படி இருந்தது, தேடிக்கொண்டே அடுத்த வாய் போனது. வயிற்றில் கை வைத்துக்கொள்ள மறந்துவிட்டேன் என்பதே தட்டு காலியான பிறகுதான் தெரிந்தது. அண்ணனும் ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்டு, "காரம் பத்தலை" என்றான். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுத்தான்.

இவர் எங்களைப் பார்க்கவில்லை. ஓவனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் கறுப்பாக நெளிந்துகொண்டு விரால்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டானாம். மீனை விற்கத்தானே கூடாது, கொடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. யார் யார் வீட்டில் உயிரோடு விரால் இருந்ததோ அவர்களெல்லாம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விட்டோம். விரால் துள்ளி வெளியே விழும் என்று இவர் மேலே கொசுவலை கட்டினார். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு மீனை எடுப்பார், அலசுவார், பொதிவார், வைப்பார். ஒருநாள் தயிர், ஒருநாள் பூண்டும் மல்லித்தழையும், ஒருநாள் வெறும் எலுமிச்சை. இந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டுத் தாளிப்புக் கரண்டி ஆணியில் சும்மா தொங்கியது. என் வளையல் முழங்கையிலிருந்து மெதுவாக இறங்கி வந்தது.

வைகாசி கடைசியில் திருச்சிக்குப் போனோம். எடைக் கருவியில் ஏறி நின்றபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டர் ரெண்டு தரம் பார்த்தார். ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார். பிறகு சிரித்தார்.

"நல்லா தேறிட்டீங்களே! வீக்கமும் வத்திடுச்சு. அடுத்த வாரமே ஆபரேஷன் வச்சுக்கலாம். அப்படி என்னம்மா சாப்ட்டீங்க?"

இவர் வெள்ளைச் சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் முள் ஏறிய இடம் இன்னும் கறுத்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "விரால் மீன் சார், தோலை உரிச்சு, எலையில பொதிஞ்சு, ஓவனை முன்னாடியே சூடு பண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். டாக்டர் பக்கம் திரும்பினேன். "எங்க வூட்டுக்காரரு ஏரியில எறங்குனாரு சார்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார்.